ஐஸ் உன்னைக் கொல்லவில்லை, அக்கா

ஸ்டியரிங்கை என்னிடம் தந்துவிட்டு, பக்கத்து இருக்கையில் இருந்தபடியே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த என் மலரக்காவுக்கு,

உன் ஆண்டுத் திவசம் முடிந்துவிட்டது. நான் இதை வேசர் ஆற்றங்கரையில், உன் வோன்மோபிலுக்குள் இருந்து எழுதுகிறேன். ஓம், உன் வண்டி இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது. விற்கவில்லை. விற்கப் போவதுமில்லை.

உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்திருக்கலாம். ஆனால் இங்கே ஜெர்மனியில், பீலெஃபெல்டிலும் ஹம்மிலும், நம் சனம் ஒரு வருடமாக என்னைப் பற்றி ஒரு கதை சொல்லித் திரிகிறது. தமிழ்க் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, அடுத்த தட்டுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்: "நோயில கிடந்த வருத்தக்காரியைக் காட்டுக்குள்ள கொண்டுபோய் வைச்சு, ஐஸைக் குடுத்துக் குடுத்தே முடிச்சுப்போட்டாள்." அவர்கள் அவ்வளவு சத்தமாகப் பேசும்போது நான் மட்டும் ஏன் மெல்லப் பேச வேண்டும்? உனக்குச் சொல்வதை அவர்களும் கேட்கட்டும்.

உன்னை அறியாதவர்களுக்காக முதலில் உன்னைப் பற்றிச் சொல்கிறேன். நீ பொறுத்துக்கொள்.

என் அக்கா பீலெஃபெல்டில் பஸ் ஓட்டினாள். எங்கள் சனத்தில் பெண்கள் கார் ஓட்டவே யோசித்த காலத்தில் அந்த நீளமான, நடுவில் வளைகிற பஸ்ஸை ஓட்டினாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிழவர் படியில் நின்று, "உங்களுக்கு இது ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாராம். "இல்லை, இன்றைக்குத்தான் பழகப் போகிறேன், ஏறுங்கள்" என்றாளாம் இவள். அவர் ஏறினார். பிறகு வருடக்கணக்காக இவளுடைய பஸ்ஸுக்காகவே காத்து நின்று ஏறினார். கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "பஸ்ஸில இடமில்லை" என்பாள். ஐம்பது வயது தாண்டியதும் ஒரு பழைய வோன்மோபில் வாங்கினாள். உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன பிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் வைத்த வண்டி. எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த குகன் அண்ணை அதைப் பார்த்துவிட்டு, "தனி மனிசிக்கு ஒரு வீடு போதாதோ? சில்லுப் பூட்டின வீடு என்னத்துக்கு?" என்று கேட்டார்.

நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "அயலட்டை பிடிக்காட்டி மாத்தலாம், தம்பி."

பிறகு உனக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது. விழுங்க முடியாமல் போய், வயிற்றில் குழாய் வைத்து அதன் வழியே சாப்பாடு ஏற்றினார்கள். கதிர்ச் சிகிச்சை உன் வாயை வறளடித்துவிட்டது. நான் பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறவள். எத்தனையோ வாய்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி வறண்ட வாயைப் பார்த்ததில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. நீ பேச்சை நிறுத்திவிட்டாய். வாயாடி மலர் என்று பெயர் வாங்கியவள், விரலால் ஜன்னலைக் காட்டி, தலையை ஆட்டி, கண்ணை மூடிக்கொண்டாய்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதிதான் வழி சொன்னார். அன்னாசிச் சாற்றைப் பட்டாணிக் கடலை அளவுக்குச் சின்னத் துண்டுகளாக உறையவைத்து, உன்னை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒவ்வொன்றாக நாக்கில் வைக்கச் சொன்னார். விழுங்கத் தேவையில்லை, கரைந்தால் போதும் என்றார். முதல் துண்டு கரைந்தது. இரண்டாவதும் கரைந்தது. மூன்றாவதோடு உன் நாக்கு மேலண்ணத்தை விட்டு இறங்கியது. நீ அழப் போகிறாய் என்று நான் காத்திருந்தேன். உன் வோன்மோபிலை நினைத்து நீ கேட்டாய்: "வான் எங்கை நிக்குது?"

அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. ஐஸ் இருந்தால் நீ பேசுவாய். பேசினால் கட்டிலில் கிடக்க மாட்டாய்.

உன் வண்டியில் ஏரிக்கரைக்குப் போகலாமா என்று கேட்க, உன்னையும் கூட்டிக்கொண்டு நானும் அண்ணையும் சேர்ந்தே வைத்தியரிடம் போனோம். அந்த அம்மா நேராகச் சொன்னார்: "இங்கே இருந்தாலும் ஏரிக்கரையில் இருந்தாலும் நோய் ஒன்றுதான். நாட்கள்தான் வேறு மாதிரி இருக்கும்." வலி மருந்து, குழாய்ச் சாப்பாடு, அந்தப் பக்கத்து வைத்தியக் குழுவின் தொலைபேசி எண் எல்லாம் ஒழுங்கு செய்து தந்தார். அண்ணை வெளியே வந்ததும் கார்த் தரிப்பிடத்தில் வைத்துக் கத்தினார். "உனக்கு விசரோ? வயித்தில குழாயோட இருக்கிற மனிசியைக் கொண்டு கம்பிங் போகப் போறியோ? அங்கை ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?"

நான் வாய் திறக்குமுன் சக்கர நாற்காலியில் இருந்து நீ சொன்னாய்: "வருத்தம் எனக்கு வந்தது. பொறுப்பும் எனக்குத்தான்." வாய்க்குள் ஐஸ் இருந்ததால் அந்தச் சொல் எவ்வளவு சுத்தமாக வந்தது!

அதன்பிறகு என் வாழ்க்கை முழுக்க ஐஸாகிவிட்டது. கட்டியைச் செய்வது சுலபம், காப்பதுதான் பாடு. பால் வந்த அட்டைப் பெட்டிகளைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, வீட்டு உறைபெட்டியில் பெரிய கட்டிகளாக உறையவைத்தேன். சின்னத் துண்டு சீக்கிரம் கரையும், பெரிய கட்டி நின்று பிடிக்கும். குளிர்பெட்டியையே முதல்நாள் குளிரவைத்துவிட்டுத்தான் கட்டிகளை அடியில் அடுக்கினேன். இடைவெளி விட்டால் காற்று புகுந்து கரைக்கும் என்று துவாய்களைச் சுருட்டி அடைத்தேன். உனக்குத் தருகிற ஐஸுக்கு மட்டும் கொதித்து ஆறிய தண்ணீர், மூடியுள்ள தனித் தட்டுகள், தனிப் பெட்டி. அந்தப் பெட்டியை நீயும் நானும் தவிர ஒருவரும் திறக்கக் கூடாது என்பது சட்டம்.

மெக்லென்பூர்க் ஏரிகள்வரை நான்தான் ஓட்டினேன். அதற்குமுன் அவ்வளவு பெரிய வண்டியைத் தொட்டதில்லை. நீ பக்கத்தில் தலையணைகளுக்கு நடுவே இருந்து, ஒரு துண்டு ஐஸுக்கு ஒரு கட்டளை என்று சொல்லிக்கொண்டு வந்தாய். "பிரேக்கை மிதிக்காதை, தடவு." "கண்ணாடியைப் பார். பின்னால வாறவன் அவசரப்பட்டால் அது அவன்ரை பாடு." ஹனோவர் தாண்டி நெரிசலில் நின்றபோது, பக்கத்தில் ஒரு பஸ் சாரதி உன்னைப் பார்த்தான். பஸ் சாரதிகள் ஒருவருக்கொருவர் தூக்குவதுபோல நீ இரண்டு விரலைத் தூக்கினாய். அவனும் தூக்கினான். அவனுக்கு எப்படித் தெரிந்தது?

ஏரிக்கரையில் வண்டியும் கூடாரமும் போட்டுத் தங்குகிற கம்பிங் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்றே சண்டை. வெக்கை என்றால் வெக்கை. பிரிட்ஜின் பின்பக்கக் காற்றோட்டத் துளைகளில் மத்தியான வெயில் விழுந்தால் அது குளிராது என்று சொல்லி, வண்டியைத் திருப்பி நிழலுக்குக் காட்டி நிறுத்தவைத்தாய். சரிவில் நின்றாலும் அது வேலை செய்யாது என்று, வண்டியின் தளத்தில் ஒரு குவளை தண்ணீரை வைத்துப் பார்த்து, ஒரு பக்கச் சில்லுகளுக்கு அடியில் ஆப்பு வைக்கச் சொன்னாய். நான் வேர்த்து ஒழுகி முடித்தபோது பொறுப்பாளர் வந்தார். எல்லா வண்டிகளும் முகத்தைப் பாதைப் பக்கம் காட்டி நிற்க வேண்டும், திருப்புங்கள் என்றார்.

"திருப்பினால் ஐஸ் உறையாது. ஐஸ் இல்லாவிட்டால் என் அக்காவால் பேச முடியாது" என்றேன்.

"விதி எல்லோருக்கும் ஒன்றுதான்."

"அப்படியென்றால் உள்ளே வந்து அவவுக்கே சொல்லுங்கள்."

அவர் கதவால் எட்டிப் பார்த்தார். நீ குழாயோடும் மருந்துப் பையோடும் நிமிர்ந்து உட்கார்ந்து, டிக்கெட் இல்லாமல் ஏறியவனைப் பார்க்கிற பார்வையில் அவரைப் பார்த்தாய். அவர் போய்விட்டார். முழு வரிசையிலும் நம் வண்டி மட்டும் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

அந்த நாட்களை எப்படிச் சொல்ல? காலையில் தட்டில் இருந்து துண்டுகளை எடுத்து உன் குவளையில் போடுவேன். நீ வண்டிக்கு வெளியே இழுத்துக் கட்டிய கூரைத் துணியின் நிழலில் சாய்ந்திருந்து ஏரியைப் பார்த்துப் பேசத் தொடங்குவாய். பஸ்ஸில் பிறந்த குழந்தையின் கதை, இன்ஸ்பெக்டரை இறக்கிவிட்ட கதை, நீ காதலித்து ஒருவருக்கும் சொல்லாத மனிதரின் கதை. அதை இங்கே எழுத மாட்டேன், பயப்படாதே. ஒருநாள் குவளையைத் தள்ளிவிட்டாய்.

"அன்னாசி அலுத்துப்போச்சடி. ரசம் உறையாதோ?"

"உறையும். ஆனால் வாய் எரியுமே அக்கா."

"வாய் என்ரை. மிளகைக் குறைச்சுப் போடு, வடிச்சு ஊத்து."

புளியும் சீரகமும் உப்புமாக ரசத்தை வடித்து உறையவைத்தேன். மண்ணிறத் துண்டு. நாக்கில் வைத்ததும் உன் கண்ணில் தண்ணீர் வந்தது. எரிகிறதா என்று பதறினேன். "சோறு சாப்பிட்ட மாதிரி இருக்கு" என்றாய். அடுத்த நாள் இஞ்சித் தேத்தண்ணீர் உறைந்தது. அதற்கடுத்த நாள் புளிக்கிற தேசிக்காய்ச் சாறும் உப்பும். எத்தனையோ மாதமாக ஒரு ருசியும் அறியாத வாய் ஒரு கிழமைக்குள், ஏழு நாளில், முழுச் சமையலையும் தின்றது. இதற்குப் பெயர் கொலையா?

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் பிரிட்ஜ் நின்றுவிட்டது. மின்சாரத்தில் போட்டேன், காஸில் போட்டேன், உயிர் வரவில்லை. தட்டுகளில் இருந்தது முழுக்கத் தண்ணீர். உனக்கான தனிப் பெட்டியின் அடியில் ஒரேயொரு கட்டி மட்டும் வேர்த்துக்கொண்டு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊரில் எல்லாக் கடையும் பூட்டு. கம்பிங் கடையில் விற்கிற ஐஸ் பைகள் வெக்கைக்கு முந்தின நாளே முடிந்துவிட்டன, பெட்ரோல் நிலையத்திலும் இல்லை என்றார் பொறுப்பாளர். ஆனால் அவருக்குப் பின்னால், ஆளுயர உறைபெட்டி ஐஸ்கிரீமோடு உறுமிக்கொண்டு நின்றது.

"இரண்டு தட்டு மட்டும். மூடிய பெட்டிக்குள் வைத்துத் தருகிறேன்" என்றேன்.

"முடியாது. விற்பனைப் பெட்டிக்குள் வெளியாள் பொருள் வைத்தால், சோதனைக்கு வருகிறவர்கள் கடையைப் பூட்டிவிடுவார்கள்."

நான் கத்தினேன், அக்கா. என் ஜெர்மன் இலக்கணமெல்லாம் சிதறிப் போக, கடைக்கு முன்னால் நின்ற வரிசை முழுவதும் கேட்கக் கத்தினேன். என் அக்கா பேசுவதற்கு உங்கள் அனுமதி வேண்டுமா என்று கேட்டேன்.  

வரிசையின் கடைசியில் நின்றவர் ஹொர்ஸ்ட். கோடை முழுக்க அங்கேயே தங்குகிற, நம் பக்கத்து இடத்துக்காரர். பெரிய வயிறு, அரைக்காற்சட்டை, வந்த நாள் முதல் நமக்கு ஒரு காலை வணக்கம்கூடச் சொல்லாத மனிதர். அவர் கேட்டார்: "உன் அக்காவுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?"

"ஒரு தட்டு போதும்."

"முழுவதையும் எடுத்துக்கொள்."

அவருடைய கூடாரத்துக்குள் ஒரு பெரிய உறைபெட்டி இருந்தது. கோடை முழுவதற்குமான இறைச்சி. அவர் குனிந்து ஒவ்வொரு பையாக வெளியே எடுத்து வைக்க, மனைவி ஹெல்கா வந்து, "ஹொர்ஸ்ட், இவ்வளவும் பழுதாகுமே!" என்றார். "சுடுவோம்" என்றார் மனிதர். "எல்லாவற்றையுமா?" "எல்லாவற்றையும்."

புதுத் தட்டுகள் உறைவதற்குள் உன் வாய் காய்ந்துவிடாமல், கடைசிக் கட்டியைச் சுத்தமான துவாயில் சுற்றிச் சுத்தியலால் அடித்து உடைத்தேன். வெளியே ஹொர்ஸ்ட் அடுப்பு மூட்டினார். சொசேஜ், ஆட்டிறைச்சி, கோழிக்கால் என்று பின்னேரம் முழுக்கப் புகை. பாதையில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தட்டைக் கையில் கொடுத்தார். பிள்ளைகள் வந்தார்கள். தள்ளுவண்டியோடு ஒரு போலந்துக் குடும்பம் வந்தது. கடைசியில் பொறுப்பாளரும் வந்தார், கடையில் மிஞ்சிய பாண் ரொட்டியை ஒரு பை நிறையக் கொண்டு. உனக்கு முன்னால் வந்து நின்றார். நீ அவருக்கு இருக்கையைக் காட்டினாய்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நீ ராணி மாதிரி இருந்தாய். ஒரு வாய் சாப்பாடும் விழுங்க முடியாதவள் எல்லோரும் சாப்பிடுவதைப் பார்த்துச் சிரித்தாய். "இத்தனை பேருக்கு நான் விருந்து வைச்சிருக்கிறன், என்னடி?" என்றாய்.

அப்போதுதான் அண்ணையின் போன் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டேன். "இந்த வெக்கைக்குள்ள அவவை வைச்சிருக்கிறியோ? உடனே திரும்பி வா. ஏதும் நடந்தால் நான் சனத்துக்கு என்னெண்டு முகம் குடுக்கிறது?" நீ போனை வாங்கினாய். வாயில் இருந்த துண்டைக் கன்னத்துக்கு ஒதுக்கினாய்.

"தம்பி, நான் இன்னும் சாகேல்லை. செத்தாப் பிறகு நீ பொறுப்பெடு. இப்ப சாப்பிட்டியோ?"

அண்ணை வைத்துவிட்டார்.

நாம் திரும்பி வந்து, இலைகள் பழுக்கத் தொடங்கிய நேரத்தில் நீ உன் கட்டிலிலேயே எங்களை விட்டுப் போனாய். கடைசி நாட்களில் ஐஸைக்கூட நீ கேட்கவில்லை. உதட்டை ஈரமாக்கினால் போதும் என்றார் தாதி. நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. வைத்தியரை நான் நேராகவே கேட்டேன், ஐஸால் ஏதும் வந்ததா என்று. இல்லை என்றார். அதற்குமேல் கேள்வி இல்லை. ஆனால் செத்தவீட்டு மண்டபத்தில், உன் பெட்டிக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் முன்னால் அண்ணை அழுதுகொண்டே சொன்னார்: "ஐஸைக் குடுத்துச் சளி கட்டிப்போச்சு. இல்லாட்டி அக்கா இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பா." அங்கிருந்துதான் அந்தக் கதை கிளம்பி ஊரெல்லாம் போனது. அவர் உன்னில் வைத்த பாசம் பொய்யில்லை. சொன்னது பொய்.

இனித்தான் உனக்குத் தெரியாத செய்தி. திவசத்தன்று அண்ணை வீட்டில் சாப்பாடு. பந்தியில் எல்லோரும் இருக்க, அண்ணை என்னிடம், "வானைப் பாக்க ஒரு ஆள் வாறார். திறப்பைத் தா. அந்தச் சனியன் எங்கடை கண்ணுக்கு முன்னால நிக்க வேண்டாம்" என்றார்.

"தரமாட்டன்" என்றேன்.

"நீ செய்தது காணாதோ?"

எனக்கு முன் வேறொருவர் பேசினார். சோற்றுக் கரண்டியோடு நின்ற அண்ணி. இத்தனை வருடத்தில் சபையில் அண்ணையை எதிர்த்து ஒரு சொல் பேசாத அண்ணி.

"நீங்கள் ஒருநாளெண்டாலும் மச்சாளுக்குப் பக்கத்தில இருந்து ஒரு துண்டு ஐஸ் குடுத்தனீங்களோ?" என்று கேட்டார். "ஐஸ் தொடங்க முந்தி ஒரு சொல்லுக் கதைக்கேலாமல் கிடந்தவ. திரும்பி வந்த அண்டைக்குப் பின்னேரம் முழுக்க இருந்து என்னோட கதைச்சவ. நான் கலியாணம் கட்டி இந்த வீட்டுக்கு வந்து, என்னோட அவ்வளவு நேரம் ஆரும் இருந்து கதைக்கேல்லை."

 அண்ணை எழும்பிப் போனார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அண்ணி கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வதனி, நீர் அடுத்த முறை எப்ப போறீர்? நானும் வாறன்."

உண்மையாகவே வந்துவிட்டார், அக்கா. பக்கத்தில்தான் இருக்கிறார். பிரிட்ஜைத் திருத்தி எடுத்துவிட்டேன். தட்டு நிறைய ஐஸ் உறைந்திருக்கிறது. அண்ணி நன்னாரி சர்பத்துக்குள் அள்ளிப் போட்டு, பல் கூசக் கூசக் கடித்துக் கொண்டிருக்கிறார். நேற்று ஆளில்லாத தரிப்பிடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். ஒரு குப்பைத் தொட்டி விழுந்தது. இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். அண்ணை இன்னும் எனக்குப் போன் எடுக்கவில்லை. எடுத்தால் பேசுவேன். எடுக்காவிட்டால் விடட்டும்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும். அந்தப் பின்னேரம் அண்ணியிடம் நீ என்னதான் சொன்னாய்? கேட்டால் ஆற்றைப் பார்த்துச் சிரிக்கிறார், சொல்ல மாட்டேன் என்கிறார்.

சரி, உனக்கு ஒரு வாக்குத் தந்துவிட்டு முடிக்கிறேன். ஒரு வருடமாகக் கடையிலும் கோயிலிலும் கலியாண வீட்டிலும் வைத்தியர் சொன்னதை ஒப்புவித்துக்கொண்டு திரிந்தேன். அந்த வேலை இந்தக் கடிதத்தோடு முடிந்தது. இனி யாராவது வந்து, "நீர் அக்காவுக்கு ஐஸ் குடுத்தனீராம்" என்று தொடங்கினால், "ஓம், குடுத்தனான்" என்பேன். அதற்குமேல் என்னிடம் அவர்களுக்கு ஒரு சொல்லும் இல்லை.

உனக்குப் பின் பிறந்து, உன் சொல்லைக் கேட்டு, உன் வண்டியை ஓட்டுகிற
உன் தங்கச்சி,
வதனி